பூனைக்கு இடுப்பு அறுவை: அறமா, ஆடம்பரமா?

பூனையின் இடுப்பு மூட்டுக்கு அறுவை மருத்துவம் செய்கிறார்கள் என்று அஞ்செட்டிக் கடைத்தெருவில் யாரேனும் சொன்னால், கேட்பவர் முதலில் சிரிப்பார். சிரிப்பு அடங்கியதும், "எவ்வளவு செலவாகுமாம்?" என்று வினவுவார். தொகையைச் சொன்னதும் அவர் முகம் மாறும். "மனுசனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, பூனைக்குப் பார்க்கிறார்களாம்!" என்ற சொல் தானாகவே வெளிவரும். அந்தச் சிரிப்பும் வினாவும் சினமும் இயல்பானவையே. ஆனால் சினத்தோடு சிந்தனை நின்றுவிடுமானால் நாம் அறத்தைப் பாதியில் விட்டுவிட்டவர்கள் ஆவோம். எனவே இக்கேள்வியைச் சற்றுப் பொறுமையாக ஆராய்வது நலம்.

இது எங்கோ வெளிநாட்டாரின் கேள்வி என்று ஒதுக்குவதற்கும் இல்லை. அஞ்செட்டி காட்டின் விளிம்பில் வாழும் ஊர். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தின் மலைகள் நம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. கேழ்வரகு விளையும் மேட்டு நிலமும், இரவில் யானைக்குக் காவலிருக்கும் பரணும் நமக்குப் பழக்கமானவை. இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் ஒசூர். கைக்கடிகாரமும் கைப்பேசிப் பாகங்களும் வண்டிகளும் செய்யும் ஆலைகள் அங்கே. நம் பிள்ளைகள் பலர் அங்கேயும், எல்லை தாண்டிப் பெங்களூரிலும் வேலை செய்கிறார்கள். தந்தையின் வீட்டில் பூனை கேழ்வரகு மூட்டைக்குக் காவல். எலி பிடித்துத் தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும். மகனின் அடுக்குமாடி வீட்டில் பூனை குடும்பத்தில் ஒருவர். அதற்குப் பெயர் உண்டு, பிறந்தநாளும் உண்டு. நான்காம் மாடி முகப்பிலிருந்து அது தவறி விழுந்து இடுப்பு முறிந்தால், மகன் மருத்துவரிடம் ஓடுகிறான். செய்தி கேட்ட தந்தை தலையில் அடித்துக்கொள்கிறார். ஒரே குடும்பத்திற்குள் எழும் கேள்வி இது.

பந்தும் கிண்ணமும்

முதலில் அந்த மருத்துவம் எத்தகையது என்று அறிந்துகொள்வோம். அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது.

இடுப்பு மூட்டைப் பந்துக்கிண்ண மூட்டு என்பர். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலை இருக்கிறது. இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் போன்ற குழி இருக்கிறது. இவற்றினிடையே வழவழப்பான குருத்தெலும்பு. மனிதனுக்கும் பூனைக்கும் இந்த அமைப்பு ஒன்றே, அளவுதான் வேறு. பூனையின் அந்தப் பந்து ஒரு சுண்டைக்காய் அளவே இருக்கும். உயரத்திலிருந்து விழுவதாலும், வண்டியில் அடிபடுவதாலும் அது முறியலாம். குழியை விட்டு விலகலாம். உயரத்திலிருந்து விழுந்து நியூயார்க் நகரக் கால்நடை மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியாயிற்று. மருத்துவம் பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்துக்கொண்டன என்பது அதன் முடிவு. விழுந்த பூனை பெரும்பாலும் சாவதில்லை. ஊனத்தோடோ வலியோடோ வாழ்கிறது.

இதற்கு இருவகை அறுவைகள் உள்ளன. சிதைந்த பந்தை வெட்டி எடுத்துவிடுவது முதல் வகை. அதன் இடத்தில் எதையும் பொருத்துவதில்லை. சுற்றியுள்ள தசைகளும், நாளடைவில் உருவாகும் நார்த்திசுவும் மெத்தைபோல் அமைந்து காலைத் தாங்கிக்கொள்கின்றன. மனிதரிடையே இவ்வகை அறுவை, ஆக்ஸ்போர்டு நகர எலும்பு மருத்துவர் கர்டில்ஸ்டோன் பெயரால் வழங்குகிறது. சீழ்பிடித்த இடுப்பையும் காசநோயால் அழிந்த இடுப்பையும் காப்பாற்ற வேறு வழியில்லாத காலத்தில் அது கைகொடுத்தது. மனித உடலின் எடையைத் தாங்க அது போதாது. நடை குறைபட்டே நிற்கும். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனைக்கோ அது தாராளமாகப் போதும். அறுவை முடிந்த சில நாள்களில் காலை ஊன்றத் தொடங்கும். சில வாரங்களில் ஓடும். பழையபடி மதில்மேல் ஏறவும் செய்யும்.

செயற்கை மூட்டைப் பொருத்துவது இரண்டாம் வகை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் 1962இல் உலோகப் பந்தையும் நெகிழிக் கிண்ணத்தையும் எலும்புப் பசையால் பொருத்தி, மனிதருக்கான இடுப்பு மாற்று மருத்துவத்தை நிலைநாட்டினார். 1970களில் அது நாய்களுக்குச் சென்றது. நம் நூற்றாண்டில் மிகச் சிறிய மூட்டுகள் செய்யப்பட்டுப் பூனைகளுக்கும் வந்துவிட்டது. இதற்கான செலவு பல மடங்கு. சில வாரங்கள் பூனையைக் கூண்டில் அடைத்து, தாவாமல் காக்கவும் வேண்டும்.

இந்த மருத்துவக் கலைக்குள் ஒரு பழைய கடனும் மறைந்திருக்கிறது. மனிதனுக்கான செயற்கை மூட்டுகளை ஆராய்ந்த காலத்தில் அவை நாய்களிலும் ஆடுகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டன. நம் பாட்டியார் இன்று செயற்கை இடுப்போடு கோவிலுக்கு நடந்து வருகிறார் என்றால், அந்த நடையில் வாயில்லா உயிர்களின் பங்கும் உண்டு. மனித உயிரைக் காக்க உதவும் ஆய்வில் நியாயமான வரம்புக்குள் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்பது திருச்சபையின் போதனை. பயன்படுத்தியபின் நன்றி வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

ஒரு நாயின் பயணம்

நம் நாட்டில் இக்கேள்வியை எல்லாரும் பேசும்படி செய்தவர் மறைந்த தொழிலதிபர் இரத்தன் டாட்டா. சில ஆண்டுகளுக்குமுன் தம் நாய்க்கு மூட்டு மாற்று அறுவை செய்விக்க அதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சென்றார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. மூட்டை மாற்ற இயலாமல், அதை ஒரே நிலையில் அசையாது நிறுத்திவைக்க மட்டுமே மருத்துவர்களால் முடிந்தது. அங்கே கண்ட மருத்துவ வசதி நம் நாட்டிலும் வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. மும்பை மகாலட்சுமிப் பகுதியில் ஏறத்தாழ 165 கோடி ரூபாய்ச் செலவில் டாட்டா அறக்கட்டளை எழுப்பிய சிறுவிலங்கு மருத்துவமனை 2024ஆம் ஆண்டு சூலை மாதம் திறக்கப்பட்டது. நாய்க்கும் பூனைக்குமான மருத்துவமனை அது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று அவர் இறந்தார்.

165 கோடி! நாய்க்கும் பூனைக்கும்! கடைத்தெருவின் சினம் இங்கே மீண்டும் எழுகிறது. எனினும் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். அதே டாட்டா குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று, 1941இல் அதே மும்பை நகரில் புற்றுநோயாளருக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்தது. பின்னர் அரசின் பொறுப்புக்குச் சென்ற அந்த டாட்டா நினைவு மருத்துவமனையைத் தேடி இன்றும் நாட்டின் நாற்புறமிருந்தும் ஏழை நோயாளிகள் செல்கின்றனர். மனிதனுக்கான கதவு திறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் விலங்குக்கான கதவு திறந்தது. வரிசை கவனிக்கத்தக்கது.

சென்னை வேப்பேரியில் 1903இலிருந்தும், பெங்களூர் ஹெப்பாலில் 1958இலிருந்தும், நாமக்கல்லில் 1985இலிருந்தும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இயங்கி வருகின்றன. எளியவர்களும் தம் ஆட்டையும் மாட்டையும் நாயையும் கொண்டு செல்லக்கூடிய இடங்கள் அவை. ஆகவே விலங்கு மருத்துவம் செல்வரின் விளையாட்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

திருச்சபையின் போதனை

1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறது. விலங்குகள் கடவுளின் படைப்புகள். தம் இருப்பினாலேயே அவரைப் போற்றுகின்றன. அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பிலிப்பு நேரி, தாம் வேறு இல்லத்திற்குக் குடிபெயர்ந்தபின்னும் பழைய இல்லத்தில் விட்டுவந்த பூனைக்கு உணவளிக்கத் தம் சீடர்களை நாள்தோறும் அனுப்பினார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்வோர் கூறுவர்.

அதே பகுதி மேலும் இரு கருத்துகளை அடுத்தடுத்து வைக்கிறது. தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என்பது ஒன்று. மனிதரின் வறுமையைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்பது மற்றொன்று. விலங்குகளை நேசிக்கலாம், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மேல் கொட்டிவிடலாகாது. திருத்தந்தை பிரான்சிசு 2022ஆம் ஆண்டு சனவரி 5 அன்று, குழந்தைகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நாயையும் பூனையையும் வளர்க்கும் போக்கைக் கண்டித்துப் பேசியதும் இந்த அடிப்படையிலேயே. இதே திருத்தந்தைதான் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், எந்த உயிரிடத்திலும் காட்டப்படும் கொடுமை இறுதியில் மனிதரை நடத்தும் முறையிலும் வெளிப்படும் என்று எச்சரித்தார்.

முதல் கருத்தை மட்டும் பிடித்துக்கொள்வோர் விலங்கு நேயர். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வோர் கடைத்தெருவினர். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கடினம். நமக்குக் கேட்கப்படுவதோ அதுவே.

கடைத்தெருவின் வாதத்திற்கு நம் பகுதியில் வலு மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், தலைமுறை தலைமுறையாக மக்களின் பல்லும் எலும்பும் கெட்டன. முதுகும் இடுப்பும் முழங்காலும் இறுகிப்போய், நாற்பது வயதிலேயே கிழவரானவர்களை இப்பகுதி கண்டிருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதைப் போக்கவே வந்தது. காவிரியோ அதற்குமுன்னும் ஒகேனக்கலில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இன்று அரசு மருத்துவமனைகளிலேயே இடுப்பு மாற்று அறுவை நடைபெறுகிறது. கிருட்டிணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது. ஆயினும் மலையடிவாரச் சிற்றூரில் வழுக்கி விழுந்த மூதாட்டியைக் கட்டிலோடு பேருந்துச் சாலைவரை தூக்கிவர நால்வர் வேண்டும். அங்கிருந்து வண்டி வேண்டும். மருத்துவமனையில் உடனிருக்கக் கூலி வேலையை விட்டு ஒருவர் வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவரேனும் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது உலக அனுபவம். இவற்றையெல்லாம் கண்ணால் கண்டவர், பூனைக்கு அறுவை என்றதும் பொங்கி எழுவது நியாயமே.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பூனையின் அறுவைக்குப் பொங்குகிற நாம், புதுநன்மை விருந்துக்குக் கடன் வாங்கிப் பந்தல் போடும்போது பொங்கினோமா? திருமண மண்டபத்தின் அலங்கார விளக்குக்குப் பொங்கினோமா? வருங்காலத் தலைவர்களின் பெயரைத் தாங்கிச் சாலையோரம் நிற்கும் துணிப்பதாகைகளுக்குப் பொங்கினோமா? மனிதரின் வறுமையைப் போக்க முதலில் செல்ல வேண்டிய பணம் பூனையின் வழியாக மட்டுமா திசைமாறுகிறது? ஏழையின் பெயரைப் பூனைக்கு எதிராக மட்டும் எடுத்துப் பேசுவோமானால், நாம் ஏழைக்காகப் பேசுகிறோமா என்பதே ஐயம்.

நாத்தானும் புலவர்களும்

விவிலியத்தில் பூனையைத் தேடினால், பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஒரே ஓர் இடத்தில் தென்படும். பொய்த்தெய்வச் சிலைகளின்மேல் பறவைகளோடு அதுவும் வந்து உட்காருகிறது, அவ்வளவே. இடுப்பு மூட்டைத் தேடினாலோ மறக்கமுடியாத இடம் ஒன்று கிடைக்கிறது. தொடக்கநூலின் 32ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் மற்போரிட்ட யாக்கோபின் தொடைச்சந்து பிசகுகிறது. ஆசி பெற்று நொண்டி நொண்டி நடக்கிறார். அதன் நினைவாக இஸ்ரயேல் மக்கள் விலங்குகளின் தொடைச்சந்திலுள்ள தசைநாரை உண்பதில்லை என்று அந்நூல் தொடர்ந்து கூறுகிறது. முன்னோரின் உடலில் பட்ட காயத்தை விலங்கின் உடலில் கண்டு நினைவுகூர்ந்தார்கள். மனிதனும் விலங்கும் ஒரே மண்ணால் உருவாக்கப்பட்டவர் என்று அதே நூல் முன்னரே சொல்லியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எனினும் நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது 2 சாமுவேல் 12ஆம் அதிகாரம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் சாகடித்த தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். ஏழை ஒருவனிடம் ஒரே ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. அது அவன் தட்டில் உண்டு, அவன் கிண்ணத்தில் குடித்து, அவன் மடியில் உறங்கி, மகளைப்போல் வளர்ந்தது. மந்தைகள் பல உடைய செல்வன் அதைப் பிடுங்கித் தன் விருந்துக்குச் சமைத்தான் என்று கதை சொல்கிறார். தாவீது கொதித்தெழுகிறார். அந்தக் கொதிப்பையே பிடித்துக்கொண்டு, அந்த மனிதன் நீரே என்று நாத்தான் அவரிடம் திருப்பிச் சொல்கிறார்.

இங்கே இரண்டைக் காணலாம். தட்டில் ஊட்டி, மடியில் உறங்கவைத்த அந்த ஏழையை நாத்தான் எள்ளவில்லை. விலங்கின்மேல் கொள்ளும் பாசம் செல்வரின் நோய் என்று விவிலியம் கருதவில்லை. அடுத்து, உரியாவுக்காக அசையாத தாவீதின் உள்ளம் ஆட்டுக்குட்டிக்காக அசைந்தது. ஆட்டுக்கு இரங்கிய நீர் மனிதனுக்கு ஏன் இரங்கவில்லை என்று கேட்க நாத்தானுக்கு அந்த அசைவு தேவைப்பட்டது. தாவீதின் உள்ளத்தில் இன்னும் உயிரோடிருந்த இரக்கத்தை அவர் அணைக்கவில்லை. அதையே விளக்காக ஏந்தி மன்னரின் இருண்ட அறைக்குள் நுழைந்தார்.

தமிழ் இலக்கியத்திலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான் வள்ளல் பேகன். மயிலுக்குப் போர்வை எதற்கு? அதை அது உடுத்திக்கொள்ளவா போகிறது? நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவர்கள் அல்லர். இத்தகைய ஈகைக்குக் 'கொடைமடம்' என்றே பெயரிட்டனர். தகுதி பாராமல் கொடுப்பது அறியாமைதான், ஆனால் அழகிய அறியாமை என்பது அவர்கள் கருத்து.

பேகனின் கதையில் பலர் நினைவில் வைக்காத பகுதி ஒன்று இருக்கிறது. மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து, அவளைக் கண்ணீரில் விட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய புலவர்கள் அவனிடம் சென்று அவளுக்காக வேண்டிப் பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. அவற்றுள் ஒன்றில் பரணர் அவனை எவ்வாறு அழைக்கிறார் தெரியுமா? மயிலுக்குப் போர்வை ஈந்தவனே என்றே அழைக்கிறார். பசித்து வரவில்லை, பரிசில் வேண்டி வரவில்லை. இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பாய் என்பதே அவர் கேட்ட பரிசு. மயிலிடமிருந்து போர்வையைத் திரும்ப வாங்கு என்று ஒரு புலவரும் சொல்லவில்லை.

எருசலேமின் இறைவாக்கினரும் பொதினி மலையின் புலவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவரும் நடந்த வழியோ ஒன்று. விலங்குக்கு இரங்குபவனைக் கண்டால் அவன் இரக்கத்தைக் கேலி செய்யாதே. அதைச் சாட்சியாக நிறுத்தி, மனிதனுக்கான நீதியை அவனிடம் கேள். பூனைக்கு அறுவை செய்யும் குடும்பத்திடம் நாம் பேச வேண்டிய முறையும் இதுவே என்று எண்ணுகிறேன். "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டால் கதவு அடைபடும். "ஒரு வாயில்லா உயிரின் வலி உனக்குப் புரிகிறதே, மாடிப்படி துடைக்கும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரைக் கவனித்தாயா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி உள்ளே செல்லும்.

அன்பின் வரிசை

புனித தாமஸ் அக்குவினாஸ் அன்பிற்கு ஒரு வரிசை உண்டு என்று கற்பித்தார். எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரே அளவில் நேசிப்பது அறமாகாது. பகுத்தறிவற்ற உயிர்களோடு முழுமையான நட்பு கொள்ள இயலாது என்று கூறிய அவரே, அவற்றின் நலத்தைக் கடவுளின் மகிமைக்காகவும் மனிதரின் பயனுக்காகவும் நாடலாம் என்றார். இரக்கத்தைப் பகிர்ந்தால் அது குறைவதில்லை. பணத்தைப் பகிர்ந்தால் குறைகிறது. ஆகவே இரக்கத்திற்கு வரம்பு கட்ட வேண்டியதில்லை. பணத்திற்கு வரிசை கட்ட வேண்டும். அந்த வரிசையை வகுக்க மூன்று வினாக்கள் உதவும்.

முதல் வினா: இம்மருத்துவம் யாருக்காக? பூனை நாளையைப் பற்றி எண்ணுவதில்லை. இன்று பொறுத்துக்கொண்டால் அடுத்த மாதம் நலமாவோம் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மனிதன் தன் வலிக்குப் பொருள் காணலாம். அதை ஆண்டவரின் பாடுகளோடு இணைத்து ஒப்புக்கொடுக்கலாம். பூனைக்கு வலி வெறும் வலியே. அதிலும் பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. கத்தாது, ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். ஆகவே அதன் வலியை விரைவாகவும் குறைந்த துன்பத்தோடும் போக்குவதே அதற்குச் செய்யும் நன்மை. பிரிவைத் தாங்க நமக்கு மனமில்லை என்பதற்காகப் பல அறுவைகளுக்கு அதை உட்படுத்தினால், அங்கே பூனை நம் ஆறுதலுக்கான கருவியாகிவிடுகிறது. நலமாக்க இயலாத விலங்கை வலியின்றி இறக்கவிடுவது பாவமாகாது. மனிதரிடத்தில் கருணைக்கொலை ஒருபோதும் ஆகாது என்று உறுதியாக நிற்கிற நாம், இந்த வேற்றுமையைத் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வினா: வழிமுறை அளவோடு இருக்கிறதா? உயிரைக் காக்க இயல்பான வழிகளைக் கையாளும் கடமை உண்டு, அளவுக்கு மீறிய வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களிடம் பேசுகையில் தெளிவுபடுத்தினார். அது மனிதரைப் பற்றிய போதனை. மனிதருக்கே அளவு உண்டென்றால் பூனைக்கு எவ்வளவு மிகுதியாக உண்டு! மகிழத்தக்க செய்தி என்னவெனில், பெரும்பாலான பூனைகளுக்கு எளிய அறுவையே போதுமானது. விலையுயர்ந்த செயற்கை மூட்டு அதற்குக் கட்டாயமில்லை. குறைந்த செலவில் நலமாகும் உயிரை நலமாக்குவது கடமை. நலமாக்கக்கூடியதை மூலையில் கிடந்து துடிக்கவிடுவது கொடுமை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க வேண்டும் என்கிறது.

மூன்றாம் வினா: இந்தக் காயத்தை உண்டாக்கியவர் யார்? நாட்டுப்பூனைக்குப் பிறவி இடுப்புக் கோளாறு அரிது. 'மெயின் கூன்' என்ற பெரிய உடல்வாகு கொண்ட மேலைநாட்டு இனத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றின் இடுப்பு மூட்டு குறையுடையது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. காது மடிந்து அழகாகத் தோன்றும் 'ஸ்காட்டிஷ் ஃபோல்டு' இனத்தில், காதை மடக்கும் அதே மரபுக்கூறு உடலின் மூட்டுகளிலுள்ள குருத்தெலும்பையும் கெடுக்கிறது. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த உயிருக்குப் பிறவியிலேயே வலியை எழுதிவைக்கிறோம்; பிறகு அறுவைக்குப் பணம் கட்டி அதைக் கருணை என்கிறோம். தான் உடைத்ததை ஒட்டவைப்பது கருணையில் சேராது, அது ஈடுசெய்தல். நான்காம் மாடி முகப்புக்கு வலை கட்டாதவருக்கும், அளவின்றி ஊட்டிப் பூனையைக் கொழுக்கவைத்தவருக்கும் இது பொருந்தும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு இனத்தை வாங்குவதைவிடத் தெருவில் திரியும் குட்டியொன்றை வளர்ப்பது எல்லா வகையிலும் மேல்.

நம் சிற்றூர்களுக்கும் இதில் கேள்வி உண்டு. பூனைக்கு அறுவையா என்று சிரிக்கும் நாம், பத்தாண்டு ஏரிழுத்த காளை இடுப்பு முறிந்து விழுந்தால் என்ன செய்கிறோம்? வலியோடு அதை வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்புகிறோம். எதிரியின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தாலும் கடந்து போகாதே, தூக்கிவிடு என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. எதிரியின் கழுதைக்கே அப்படியென்றால், நமக்குச் சோறு போட்ட காளைக்கு? 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. அந்த எண் நம் வீட்டுச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் செல்வனுடைய வாயிலருகே இலாசர் உடலெல்லாம் புண்ணாய்க் கிடக்கிறார். அவரிடம் வந்தவை நாய்கள், புண்களை நக்கின. செல்வன் நாய்களுக்கு மருத்துவம் பார்த்ததாக அங்கே குற்றச்சாட்டு இல்லை. தன் வாயிலில் கிடந்தவரைக் காணாததே அவன் குற்றம். அச்செல்வன் நாய்களையேனும் உற்று நோக்கியிருந்தால், அவை போகும் திசையில் இலாசரைக் கண்டிருப்பான்.

ஆகவே, பூனையின் இடுப்புக்கு அறுவை செய்யலாமா என்று கேட்டு வரும் பிள்ளைக்கு நான் சொல்வது இது. செய்; எளியதைச் செய்; அதன் வலி தீர்வதற்காகச் செய். அறுவைக்குக் கட்டிய தொகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். நீ பிறந்த தெருவில் இடுப்பு முறிந்து, காப்பீட்டு அட்டை இருந்தும் மருத்துவமனைக்குப் போகத் துணையின்றிக் கட்டிலில் கிடக்கும் ஒருவரை விசாரித்து அறி. வண்டிக்கு அமர்த்து, இரண்டு நாள் விடுப்பு எடுத்து உடன் செல். தாளில் எழுதிய தொகையைவிட அதற்குக் குறைவாகவே செலவாகும்.